சீட்டுக்கு அடியில் தேடிய கை

ஜீப் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலுக்கு வந்து ஒரு வாரமாகிறது. விஜயனைத் தவிர யாரும் அதில் ஏறவில்லை.

போன வாரம் அவன் அதை ஓட்டி வந்து நிறுத்தியபோது, அம்மா அன்னக்கிளி கற்பூரம்கூட ஏற்றவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூத்த மகன் சுரேந்திரன் போன மழைக்காலத்தில் இதே போன்ற பழைய ஜீப்போடு எரிந்தவன். இப்போது இளையவன் அதே பாதையில் ஓட்டப் போகிறான். வேண்டாமென்று அவள் சொல்லவும் முடியாது. பந்தலூர் பஜாரிலிருந்து மேலே லயத்துக்கு பஸ் கிடையாது. ரேஷன் அரிசியும், பிரசவ வலி கண்டவளும், கொழுந்து எடுத்து முதுகு ஒடிந்தவளும் ஜீப்பை நம்பித்தான் மலையேற வேண்டும். மந்திரிகள் ஊட்டிக்கு வந்து பூ பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு பஸ் போகிற ரோடு மட்டும் வருவதில்லை.

சுரேந்திரனின் மனைவி வாசுகி மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். முதல் ஆளாக அவளே ஏறுவாள். ஆனால் வண்டியில் தீயணைக்கும் பாட்டில் இருக்க வேண்டும். டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அவள் ஏறினால்தான் மற்றப் பெண்கள் ஏறுவார்கள். ஏறாவிட்டால் அந்த ஜீப் கோழி அடைக்கத்தான் ஆகும்.

அதனால் சனிக்கிழமை காலை சரிதா லீவு போட்டாள். சுரேந்திரனுக்கும் விஜயனுக்கும் நடுவில் பிறந்தவள் அவள். அந்த லயத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய், இப்போது கூடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள். அவளுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மா சொன்னதைக் கேட்டதிலிருந்து, சாயங்காலம் ஜீப் நிற்கும் பக்கமாகவே அவள் நடக்கவில்லை.

பனி இறங்கியதும் நிறுத்தி வைத்த வண்டிக்குள் ஒரு சத்தம் கேட்கிறதாம். யாரோ சீட்டுக்கு அடியில் தகரத்தைத் தடவித் தடவிப் பார்க்கிற சத்தம்.

எலியாக இருக்கும் என்றான் விஜயன். கேட்டு முடிப்பதற்குள் சொன்னான்.

அக்காவும் தம்பியும் கிளம்பும்போது அம்மா பரணிலிருந்து ஒரு சாக்குப் பொட்டலத்தை இறக்கினாள். சுரேந்திரனின் ஜீப்பில் இருந்த பழைய பாட்டில். எரிந்த வண்டியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி, ஜீப் ஸ்டாண்டுத் தலைவர் காளிமுத்து அன்று மாலையே கொண்டு வந்து கொடுத்தது. அன்றிலிருந்து யாரும் அந்தச் சாக்கைப் பிரித்ததில்லை.

"இதையும் கொண்டு போ சரிதா. இந்த ஊட்ல இனி வேணாம்," என்றாள் அம்மா.

அது எதற்கு, நானே எங்காவது போட்டுவிடுகிறேன் என்று விஜயன் கை நீட்டினான். சரிதா கொடுக்கவில்லை. கடையில் பழையதை எடுத்துக்கொண்டு கொஞ்சம் குறைத்துத் தருவார்கள் என்று சொல்லி, பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பாட்டில்தான் சுரேந்திரனின் பெயரைக் கெடுத்தது. அன்று நடந்ததாக ஊர் சொல்வது இதுதான். மேட்டில் ஏறும்போது பானெட்டுக்குள் தீப்பிடித்தது. சுரேந்திரன் குதித்து, பின்னால் இருந்த பெண்கள் எல்லாரையும் இறக்கிவிட்டான். அதுவரை சரி. அதன் பிறகு திரும்ப வண்டிக்குள் தலையை விட்டான். முன்சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டே இருந்தான் என்று, இறங்கி ஓடிய மரகதம் பார்த்ததைச் சொன்னாள். வெளியே வரவில்லை. பாட்டில் பின்பக்கம் அப்படியே கிடந்தது, அதன் பின் ஊசியைக்கூடப் பிடுங்கவில்லை என்று காளிமுத்து சொன்னார்.

அப்படியானால் முன்னால் எதைத் தேடினான்? போனை. புதுப் போன். பாட்டிலை விட்டுவிட்டுப் போனுக்காகத் தலையை விட்டுச் செத்தான் என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். வாசுகி தன் போனைக் கல்லில் அடித்து உடைத்தவள், இன்றுவரை வேறு போனைத் தொடவில்லை.

*

கூடலூரில் தீயணைக்கும் பாட்டில் விற்கும் மலையாளி ரெனிஷ், கடை வாசலிலேயே சிவப்புச் சிவப்பாக நிற்க வைத்திருந்தான். கையடக்க ஸ்ப்ரே டப்பா முதல் இடுப்புயரச் சிலிண்டர் வரை.

டப்பாவைச் சரிதா பார்த்ததுமே ஒதுக்கினாள். அது கார் வைத்திருப்பவர்கள் மனசாட்சிக்கு வாங்குவது. கேஸ் அடைத்ததை ரெனிஷ் தானே வேண்டாமென்றான். திறந்த வண்டி, மலைக்காற்று, அடித்த கேஸ் அடுத்த நிமிடம் கேரளா போய்விடும் என்றான். பவுடர்தான் சரி. டீசலானாலும் ஒயரானாலும் அமுக்கும். ஒரு கிலோவா இரண்டு கிலோவா என்று கேட்டதற்கு, "ரெண்டு கிலோ மதி சேச்சி, போதும். அதுக்கு மேல வாங்கினா தூக்கறதுக்கே ஆள் வேணும்," என்றான்.

முத்திரை இருக்கிறதா, தேதி என்ன, மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதா என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாட்டுவதற்குப் பிளாஸ்டிக் கிளிப் ஒன்று கூடவே வந்தது. அதை ரெனிஷ் மேஜைமேல் தூக்கிப் போட்டான். ஜீப் ரோட்டில் இது இரண்டு நாள் தாங்காது, பாட்டில் கழன்று விழுந்தால் தீக்கு முன்னால் அதுவே மண்டையை உடைக்கும் என்றான். உள்ளே ரப்பர் ஒட்டிய இரும்புப் பட்டை ஒன்றை எடுத்துக் காட்டினான். நெம்பு மாதிரி ஒரு பிடி. அதை இழுத்தால் பட்டை திறந்துகொள்ளும்.

அப்போதுதான் விஜயன் முதன்முறையாக வாயைத் திறந்தான். இதில் பூட்டு போட முடியுமா என்று கேட்டான்.

ரெனிஷுக்குப் புரியவில்லை.

"யாரும் எடுக்க முடியாத மாதிரி. கூண்டு மாதிரி பண்ணி வெல்டு வெச்சுப் பூட்டிடலாம். சாவி என் இடுப்புல இருக்கும்."

"தீப்பிடிச்சா சாவியத் தேடுவியாடா?" என்றாள் சரிதா.

"தீப்பிடிக்கிறப்ப அது அங்க இருக்கணும்ல. அதுக்குத்தான் சொல்றேன்."

சொன்னவன் கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தையில் காய்கறி திருடு போவது போல பாட்டில் திருடு போகுமா என்ன என்று ரெனிஷ் சிரித்தான். சரிதா சிரிக்கவில்லை. பூட்ட வேண்டுமென்று ஒருவனுக்குத் தோன்றினால், அது காணாமல் போனதை அவன் பார்த்திருக்க வேண்டும்.

பையிலிருந்து சாக்குப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அக்கா, வேணாம்," என்றான் விஜயன். அவள் கயிற்றை அறுத்தாள்.

புதுப் பாட்டிலுக்குப் பக்கத்தில் பழையது நின்றது. கொஞ்சம் கரி அப்பியிருந்தது. சரிதா முந்தானை நுனியால் துடைத்தாள். அடியில் சிவப்புப் பெயிண்ட் பளபளத்தது. ஒட்டியிருந்த காகித ஸ்டிக்கரில் எழுத்து ஒன்றும் அழியவில்லை. ரப்பர் குழாய் அவள் விரலுக்கு வளைந்தது. மீட்டரின் பிளாஸ்டிக் கண்ணாடி தெளிவாக இருந்தது. முள் பச்சையில் நின்றது.

ஸ்டியரிங் உருகி வழிந்த வண்டி அது. சுரேந்திரனை அடையாளம் காட்டியது அவன் இடுப்பு பெல்ட்டின் கொக்கி.

இதை எடுத்துக்கொள்ளவா என்று ரெனிஷ் கேட்டான். வேண்டாம், இது எங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லி, அவள் இரண்டையும் தூக்கிக்கொண்டாள்.

*

பஸ்ஸில் அவள் பழைய பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டாள். பந்தலூரில் இறங்கி இருவரும் மேலே நடந்தார்கள். மேட்டு வளைவில், தார் உருகிக் கறுப்பாக இறுகிப்போன அந்த இடம் வந்தது. எதிரே ஒரு ஜீப் இறங்கி வந்தது. ரோடு அங்கே சமமாகத்தான் இருக்கிறது. பள்ளம் கிடையாது, கல் கிடையாது. ஆனாலும் அந்த டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்து, யாரோ அங்கே குனிந்து நிற்பதுபோல ஒதுங்கிப் போனான். எல்லா டிரைவரும் அப்படித்தான் போகிறார்கள்.

பனி தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு இந்தப் பாட்டில் யாரு வண்டில இருந்துச்சு?"

விஜயன் கறுப்பு இடத்தைத் தாண்டாமல் நின்றான்.

"காளிமுத்து அண்ணன் வண்டில. எஃப்.சி.க்குப் போயிருந்துச்சு."

இந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் வண்டியை எஃப்.சி. சோதனைக்குக் காட்டும்போது அதில் தீயணைக்கும் பாட்டில் இருக்க வேண்டும். அதற்காக ஸ்டாண்டில் எல்லாரும் ஆளுக்கொன்று வாங்குவார்கள் என்று நினைத்தால் நீங்கள் நல்லவர்கள். ஸ்டாண்டு முழுக்க நல்ல பாட்டில் ஒன்றே ஒன்றுதான். யாருக்கு எஃப்.சி.யோ அவர் வண்டிக்கு அது போகும். காட்டிவிட்டுத் திரும்பி வரும். கல்யாண வீட்டுக்கு அண்டா இரவல் போவது போல. அந்த ஒன்றை வாங்கியவன் சுரேந்திரன். இரவல் கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தவனும் அவன்தான். காட்டுவதற்கு ஒரு பொருள், காப்பாற்றுவதற்கு ஒரு பொருள் என்று இவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டாவதை யாரும் வாங்கவில்லை.

விடியக்காலை, அண்ணனுக்குத் தெரியாமல், முன்சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக விஜயன் சொன்னான். மத்தியானத்துக்குள் வந்துவிடும் என்றுதான் பேச்சு. வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கூட்டம் கூடுவதற்குள் காளிமுத்து அதை வண்டியின் பின்பக்கம் போட்டு, கரியைப் பூசி, தானே கண்டெடுத்ததாகத் தூக்கினார். போலீஸ் வந்தால் நீயும் உள்ளே, நானும் உள்ளே என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் சீட்டுக்கு அடியில் தேடியது எதை என்பது சரிதாவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. வைத்த இடத்தில் கையை விட்டிருக்கிறான். இல்லை. உருண்டு போயிருக்கும் என்று இன்னும் உள்ளே விட்டிருக்கிறான். இருக்கும், இருக்கும் என்று.

"எனக்கும் அந்தச் சத்தம் கேக்குதுக்கா," என்றான் விஜயன். "எலி இல்ல."

அவள் அவனை அறைந்தாள். பிறகு அவளே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடுத்ததைக்கூட ஒரு நாள் மறந்துருவேன்டா. போனுக்காகச் செத்தான்னு ஊரே சிரிச்சப்ப நீ பக்கத்துல நின்ன பாரு. அத எப்படி மறக்கறது?"

அண்ணியிடம் தான் சொல்லப் போவதில்லை, அவனே சொல்ல வேண்டும், இன்றைக்கே, அவள் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் என்று சரிதா சொன்னாள். சொல்லாமல் அவளை ஏற்றினால் டயரைக் கிழித்துவிடுவேன் என்றும் சொன்னாள்.

*

அதன் பிறகும் பாட்டிலை மாட்டத்தான் வேண்டியிருந்தது. கோபம் வந்தால் வேலை நிற்கும் என்பது வசதியுள்ளவர்கள் வீட்டில்.

பின்கதவு ஓரம் வைக்கலாமா என்று பார்த்தார்கள். பெண்கள் கொழுந்து மூட்டையோடு ஏறினால் அங்கே கை நுழையாது. டாஷ்போர்டுக்குக் கீழே வைத்தால், பானெட்டில் தீப்பிடிக்கும்போது அங்கேதான் முதலில் சுடும். டிரைவர் சீட்டுக்கு அடியில் டீசல் டேங்க். கடைசியில் இடது முன்சீட்டின் முகப்பில், குறுக்காக, தலை டிரைவர் பக்கம் இருக்கும்படி வைப்பதென்று முடிவானது. டிரைவர் உட்கார்ந்தபடியே எடுக்கலாம். வெளியே நின்று குனிந்தும் எடுக்கலாம்.

சீட்டின் கீழ் ஒளித்து வைப்பதில்லை. எல்லார் கண்ணிலும் படட்டும்.

விஜயன் வண்டிக்கு அடியில் படுத்து, ஓட்டை போடும் இடத்தில் டீசல் குழாயும் ஒயரும் போகிறதா என்று பார்த்தான். பிறகு டிரில் போட்டான். தகடு மெலிசு, வெறும் போல்ட் குலுக்கலில் பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்று அடியில் அகலமான வாஷர் கொடுத்து, லாக் நட் போட்டு இறுக்கினான். சரிதா மேலிருந்து ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தகடு இருந்தது. அவன் அழுவது அதில் அதிர்ந்தது.

பட்டைக்குள் பாட்டிலை வைத்துப் பிடியை அழுத்தினார்கள். அசையவில்லை. பூட்டு இல்லை.

"கண்ண மூடிட்டு எடு," என்றாள் சரிதா. "புகைல கண்ணு தெரியாது."

அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினான். கை நேராகப் பாட்டிலுக்குப் போகவில்லை. கீழே, பக்கத்துச் சீட்டுக்கு அடியில், வெறும் தகரத்தைத் தடவியது. தடவிக்கொண்டே இருந்தது. வாசற்படியில் நின்ற அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரிதா அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பிடியின்மேல் வைத்தாள். திரும்ப எடுக்கச் சொன்னாள். அவன் கை தானாகப் போகிறவரை விடவில்லை.

கொழுந்தை எடை போட்டு முடித்துப் பெண்கள் லயத்துக்கு வந்தபோது பனி வாசல்வரை வந்திருந்தது. முன்னால் வாசுகி. சேலை நனையாமல் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் படியில் போட்டுவிட்டு, ஜீப்பைச் சுற்றி வந்து பாட்டிலைப் பார்த்தாள். பிடியை இழுத்தாள். பட்டை திறந்தது. பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏறுவதற்காகக் காலைத் தூக்கினாள்.

"அண்ணி, ஏறாதீங்க," என்றான் விஜயன்.

சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அன்று அண்ணன் வண்டியில் பாட்டிலே இல்லை. அண்ணன் போனைத் தேடவில்லை. பாட்டிலைத்தான் தேடினார்.

மரகதம் மாரில் கையை வைத்துக்கொண்டாள். அவள்தான் அந்தக் கையைப் பார்த்தவள்.

வாசுகி அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் பாட்டிலைத் திரும்பப் பட்டைக்குள் வைத்துப் பிடியை அழுத்தினாள்.

"தெனமும் படுத்துட்டு அவரத் திட்டுவேன்," என்றாள் சரிதாவைப் பார்த்து. "அந்தப் போனவிட நான் எதுல கொறஞ்சுட்டேன்னு கேப்பேன். ஒரு நாளும் பதிலே சொல்லல மனுசன்."

பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டிய எடு விஜயா. ஸ்டாண்டுக்கு. சிரிச்சவங்க அங்கதான் இருக்காங்க."

சரிதா பின்னால் ஏறினாள். மரகதம் ஏறினாள். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கறுப்பு இடம் வந்தபோது விஜயன் ஒதுங்கவில்லை. நேராகப் போனான்.

ஸ்டாண்டில் காளிமுத்து மாலையோடு காத்திருந்தார். புது வண்டியின் முதல் நடைக்குத் தலைவர் மாலை போடுவது வழக்கம். சுரேந்திரனைத் தூக்கியவர், காரியத்துக்கு அரிசி இறக்கியவர். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"மாலைய அப்படியே வெச்சுக்கங்கண்ணே," என்றாள் வாசுகி. "எங்க கொழுந்தன் ஒண்ணு சொல்லணுமாம். எல்லாத்தையும் வரச் சொல்லுங்க."

டீக்கடையிலிருந்து டிரைவர்கள் வந்தார்கள். விஜயன் வண்டியை விட்டு இறங்கி நின்று, லயத்தில் சொன்னதையே இங்கும் சொன்னான். யாருடைய எஃப்.சி., யார் கரி பூசினார் என்பதையும் சேர்த்துச் சொன்னான். சரிதா பழைய பாட்டிலைச் சாக்கிலிருந்து எடுத்து ஜீப்பின் பானெட்டில் வைத்தாள். காகித ஸ்டிக்கர் எல்லாருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தாள். போன் கதையைச் சொல்லிச் சிரித்தவன் ஒருவன் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான். இன்னொருவன் தலைத்துண்டை அவிழ்த்தான்.

காளிமுத்து மறுக்கவில்லை.

"கரி பூசினது நான்தான். அதுக்கு என்ன வேணாலும் செய்யுங்க தாயி," என்றார் வாசுகியிடம். பிறகு விஜயன் பக்கம் திரும்பினார். "ஆனா சொல்றதச் சரியாச் சொல்லு விஜயா. அன்னைக்கு விடியக்காலைல பாட்டிலை என் கைல குடுத்தது நீ இல்ல."

"அண்ணே, அம்மாவ இழுக்காதீங்க," என்றான் விஜயன்.

சொல்லிவிட்ட பிறகுதான் அவனுக்குத் தான் சொன்னது கேட்டது.

பானெட்டின் சூட்டில் பனி ஆவியாகிக்கொண்டிருந்தது. சரிதா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பாட்டிலை எடுத்துக் கொடுத்தது அம்மா; மேட்டு வளைவில் தன்னிடம் அடி வாங்கிக்கொண்டு அவன் மறைத்தது அதைத்தான் என்று இப்போது தெரிந்தது. காலையிலிருந்து தன்னைத் தூக்கி நிறுத்திய கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கதவைச் சாத்திக்கொண்ட அம்மாவை நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது.

வாசுகி மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தாள்.

"வண்டியத் திருப்பு விஜயா," என்றாள். "ஊட்டுக்குப் போலாம். அத்தை தனியா இருக்காங்க."